நான் நிமிர்த்திய குழாய்

திராட்சை தலைக்கு மேலே காய்க்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் விவசாயக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். இலையும் குலையும் மேலே, மனிதன் கீழே. இந்த ஒரு விஷயத்தை மருந்து தெளிக்கும் கருவி செய்கிற கம்பெனிக்குப் புரியவைக்க எங்களுக்கு ஏறக்குறைய ஆறு வருஷம் ஆனது. புரிந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது.

எழுபதுகளில் தேனி கடைவீதியில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு ஏஜென்சியில் நான் மெக்கானிக்காக இருந்தேன். முதுகில் மாட்டிக்கொண்டு, இடது கையால் நெம்புகோலை அடித்தபடி, வலது கையில் பிடித்த குழாயால் மருந்து தெளிக்கிற பித்தளை டேங்க்தான் எங்கள் கடையில் அதிகம் போகும் சரக்கு. அதை விற்பது முதலாளி வேலை. பழுது பார்ப்பது என் வேலை. கம்பெனி வருஷாவருஷம் ஒரு காலண்டர் அனுப்பும். அதில் ஒருவன் டேங்க்கை மாட்டிக்கொண்டு நிற்பான். தொப்பி, கண்ணாடி, கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். அவனைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒரு பச்சைப் பயிர். குழாயைத் தரையைப் பார்க்கச் சரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். பன்னிரண்டு மாதமும் அதே சிரிப்பு. அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்குச் செய்த கருவி அது. முழங்கால் உயரப் பயிருக்கு நேரான குழாய் சரி. பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு அதே குழாயை மேலே நீட்டி அடித்துப் பாருங்கள். மருந்து நேரே மேலே போய், இலையில் பட்டு, அடித்தவன் முகத்திலேயே விழும். நுனியில் கசிவது குழாயின் வெளிப்பக்கமாக வழிந்து, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், இடுப்பு என்று ஒரு வாய்க்காலே ஓடும். திராட்சைக்கு அடிப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலக் கலவை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்த்தால் தலையில் கட்டிய துண்டு, மீசை, காது மடல் எல்லாம் நீலமாக இருக்கும். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட இன்னார் தோட்டத்தில் இன்றைக்கு மருந்து என்று அதை வைத்தே சொல்லிவிடும்.

குழாய் மட்டுமா. தோள் வாரில் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் எங்கள் ஊர் ஆளுக்கு டேங்க் புட்டத்தில் வந்து இடிக்கும். விற்கிற ஒவ்வொரு டேங்க்குக்கும் ஆணியைக் காய்ச்சி நான் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். டேங்க் வாயில் வைத்த சல்லடை அத்தனை சன்னம், எங்கள் சுண்ணாம்பு அதில் இறங்கவே இறங்காது. ஆட்கள் சல்லடையைக் கழற்றி வீட்டில் மாவு சலிக்கக் கொடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் கலவையை வடிகட்டி ஊற்றுவார்கள். பெட்டிக்குள் ஒரு விளக்கப் புத்தகம் இருக்கும், இங்கிலீஷிலும் இந்தியிலும். அதைப் படிக்கத் தெரிந்தவன் எவனும் டேங்க் தூக்கவில்லை. டேங்க் தூக்கியவன் எவனுக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

இதையெல்லாம் நான் எழுதிப் போட்டேன். நான் தமிழில் சொல்ல, முதலாளி இங்கிலீஷில் தட்டச்சு செய்வார். நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு உட்கார்ந்து தட்டுவார். ஆனால் நான் கோபமாகச் சொல்வதெல்லாம் அவர் விரல் வழியாகப் போகும்போது பணிவாகிவிடும். "வாரில் ஓட்டை போட்டு என் கை தேய்ந்துவிட்டது" என்று நான் சொன்னால், வார் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று அடிப்பார். கம்பெனியும் அதே பணிவோடு பதில் போடும். கருவி பல பயிர்களில் சோதித்துப் பார்க்கப்பட்டதாம். இயக்குகிறவர் விளக்கப் புத்தகத்தில் சொன்ன முறைப்படி இயக்குகிறாரா என்று நாங்கள் உறுதி செய்ய வேண்டுமாம். அந்தக் கடிதங்களை முதலாளி கம்பியில் குத்தி வைப்பார். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். வேறென்ன செய்வது.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவைக் காமயகவுண்டன்பட்டியில் கொடுத்திருந்தது. மச்சான் கம்பம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறாரே என்று அவரை மருந்தடிக்கிற வேலைக்கு இழுத்துவிட்டவன் நான்தான். "தோட்டத்துக்குத் தோட்டம் கூப்பிடுவாக மச்சான், மூட்டைக்கு இது தேவல" என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே நல்ல டேங்க்காகப் பொறுக்கிக் கொடுத்தேன். சொன்னது பொய்யாகவில்லை. ஒரே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் அவர் கை போல வராது என்று பேர் எடுத்துவிட்டார்.

அவர் பின்னோக்கி நடந்துகொண்டே அடிப்பார். விளக்கப் புத்தகத்தில் முன்னால் நடக்கச் சொல்லியிருக்கும். முன்னால் நடந்தால், அடித்து நனைந்த பந்தலுக்குக் கீழேயே நாம் போய்க்கொண்டிருப்போம், சொட்டுவதெல்லாம் நம்மேல். பின்னால் நடந்தால் சொட்டுவது நாம் விட்டு வந்த இடத்தில். டேங்க்கையும் சுமந்துகொண்டு, கல்தூணிலும் வாய்க்கால் வரப்பிலும் ஒரு தடவைகூட முட்டாமல், திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் போவதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனாலும் நேர்க் குழாய் நேர்க் குழாய்தானே. சொட்டுகிறதிலிருந்து தப்பிக்கலாம், நேராக மேலே அடித்து நேராகக் கீழே விழுவதிலிருந்து எப்படித் தப்பிப்பது. தலையைச் சாய்த்துக்கொள்வார், கண்ணை இடுக்கிக்கொள்வார். அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் நாங்கள் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுப்போம். அந்த வருஷம் காமயகவுண்டன்பட்டி சொசைட்டி கட்டடத்து முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் இருபது முப்பது பேர். மச்சான் டேங்க்கோடு வந்தார். குழாயைப் பார்த்ததும் எனக்கு முகம் சிறுத்துவிட்டது. நுனிப்பக்கம் ஒரு முழம் விட்டு, கொக்குக் கழுத்து போல வளைந்திருந்தது.

"என்ன மச்சான் இது?"

"மணலப் போட்டு அடைச்சு, ஒங்கக்கா அடுப்புல காச்சி, தென்னமரத்துல வச்சு வளைச்சேன் மாப்ள. குழாய முன்னால நீட்டிப் பிடிச்சாப் போதும், மூக்கு மட்டும் மேல பாக்கும். விழுகுறது ரெண்டு எட்டு தள்ளித்தேன் விழுகுது."

அதை அப்போது நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அந்த வருஷம்தான் கம்பெனி என்னைப் பத்து நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டு, ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பியிருந்தது. சாமான் எப்படிப் போனதோ அப்படியே இருக்க வேண்டும், ஆட்கள் சொந்தமாகக் கைவைத்தால் கேரண்டி கிடையாது என்று அங்கே பத்து நாளும் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஊர்க்காரன் கைவைத்தாலே நான் சத்தம் போடுவேன். என் சொந்த மச்சானே கைவைத்தால் இத்தனை பேருக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு பேசுவது.

"கம்பெனி சாமான இப்படி நீங்களா வளைச்சா கேரண்டி போயிரும் மச்சான். நாளைக்கு ஒடஞ்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். "கம்பெனிக்காரக ரோசிக்காமயா செஞ்சிருப்பாக" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நான் புதுக் குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு, வளைந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேனிக்கு வந்தேன். கடையில் பரண்மேல் இருக்கும் பெட்டிகளை இழுக்க ஒரு கொக்கி தேவைப்பட்டது. அதற்கு அது கச்சிதமாக இருந்தது.

அடுத்த வருஷம் பார்த்தால், புதுக் குழாயையும் வளைத்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனைக்கும் நான் எதற்குக் கோபப்பட்டேன். வளைத்தது நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கக்கூட இல்லை. வாங்கிக் கல்மேல் வைத்து, மரச் சுத்தியால் தட்டி, நூல் பிடித்த மாதிரி நிமிர்த்தினேன். தட்டின தட்டில் ஒரு இடத்தில் கீறல் விட்டுவிட்டது. அதற்கும் அவரையே குறை சொன்னேன். அந்தச் சமயம் கம்பெனி பித்தளைக்குப் பதிலாக முலாம் பூசிய எஃகுக் குழாய் அனுப்ப ஆரம்பித்திருந்தது. அதில் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

"இத ஒங்களால வளைக்க முடியாது மச்சான். காச்சி வளைச்சா ஒடிஞ்சு போகும்" என்றேன். ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி சொன்னேன். அவர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் கூடயில்ல இருக்கு" என்றார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்து, தோட்டக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கச் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் அக்கா மச்சானைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அவருக்கு வலது கண் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. இமை வீங்கித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏலே தம்பி, நீயாவது கேளு. பத்து நாளா இப்பிடித்தேன் இருக்கு. தாய்ப்பால் வாங்கி ஊத்துனேன், நந்தியாவட்டைய வச்சுக் கட்டுனேன். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டேங்குறாக."

"தூசி விழுந்துருக்கும்" என்றார் மச்சான்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இமையை மடக்கி விளக்கடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு பட்டுப் பட்டுக் கருவிழி புண்ணாகியிருக்கிறது, ஓரத்தில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது, இதோடு நிறுத்தினால் பார்வை நிற்கும், இன்னும் பட்டால் இந்தக் கண்ணை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான், "பேசாம இந்த வேலைய விட்ருங்க மச்சான்" என்றேன். "விட்டுட்டு?" என்றார். மூட்டை தூக்குகிற இடுப்பு இல்லை. காடு தோட்டமும் இல்லை.

அவருக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலண்டர்காரன் போட்டிருப்பது மாதிரியே. பந்தலுக்குள் பத்து நிமிஷம் நின்றால் உள்ளே ஆவி படியும், வெளியே நீலம் படியும். மச்சான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கொண்டு அடித்தார்.

அப்புறம் நானே ஒரு கருவி கண்டுபிடித்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நானே கொட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. தகரத்தில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, குழாயின் நுனிக்குக் கீழே மல்லாத்திய குடை மாதிரி பற்றவைத்தேன். விழுகிற மருந்தைத் தகரம் தாங்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு. தாங்கியது. தாங்கித் தாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவர் கையைச் சாய்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் அளவுக்கு மொத்தமாகப் பிடரியில் கொட்டியது. அடுத்த முறை போனபோது அந்தத் தகரக் குடை அக்காவின் கோழிக்கூடைக்கு மூடியாகியிருந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், கையைச் சாய்க்காமல் இருக்கத் தனக்குத்தான் தெரியவில்லை என்று மச்சான் சமாதானம் சொன்னார். அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. திட்டித் தொலைத்தால் என்ன.

அன்றைக்கு எழுதின கடிதத்தை முதலாளி பணிவாக்க நான் விடவில்லை. பக்கத்திலேயே நின்றேன். உங்கள் கருவியால் ஒரு மனுஷனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, கம்பெனியில் யாருக்காவது பந்தல் என்றால் என்னவென்று தெரியுமா, தெரியாவிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதச் சொன்னேன். முதலாளி, "ஏஜென்சி போச்சுன்னா நீதான் பொறுப்பு தம்பி" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். ஆனால் அடித்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு இன்ஜினியர் வந்தார். மெட்ராஸ்காரர், வெள்ளை முழுக்கைச் சட்டை, பளபளவென்று ஷூ. ஆள் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நான் கூட்டிப்போன தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் போய் நின்று, மேலே பார்த்து, "ஓ, இது இவ்வளவு தாழ்வா இருக்குமா" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆறு வருஷமாக இதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரே அடித்துப் பார்ப்பதாகச் சொன்னார். டேங்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சோதனை என்றால் தண்ணீரில்தான் செய்வார்களாம். மாட்டிக்கொண்டு விளக்கப் புத்தகத்தில் இருக்கிறபடி முன்னால் நடந்து அடித்தார். தலையெல்லாம் நனைந்தது. வெயில் நேரம். துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கொஞ்சம் மேல படுது, உண்மைதான். ஆனா இது ஒரு பெரிய அசௌகரியம்னு சொல்ல முடியாதே. ஜில்லுன்னு இருக்கு."

மச்சான் வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தார். சிவந்த கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. தோட்டத்தில் கரைத்து வைத்திருந்த துத்தக் கலவையை இரண்டு வாளி கொண்டுவந்து அதே டேங்க்கில் ஊற்றினேன். "சார், இப்ப அடிங்க" என்றேன். கண்ணாடியை மட்டும் அவர் கண்ணில் மாட்டிவிட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

இரண்டு வரிசைகூட அடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது. கண்ணாடி மறைத்து ஒரு கல்தூணில் முட்டிக்கொண்டார். கையை மேலே தூக்கினதில் வழிந்தது சட்டைக்கைக்குள் புகுந்து, பேண்ட் பாக்கெட்டிலிருந்த அவருடைய பஸ் டிக்கெட், குறிப்பு நோட்டு எல்லாம் நீலம். டேங்க்கை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். மச்சான்தான் போய்ப் பம்பு செட்டில் தண்ணீர் பிடித்துவந்து அவர் கையில் ஊற்றினார்.

"இதோட எப்படி தினமும் வேலை செய்றீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"மேல அடிக்கையில கண்ண மூடிக்கிருவேன் சார். பழகிப்போச்சு" என்றார் மச்சான்.

சாயங்காலம் இன்ஜினியரைத் தேனிக் கடைக்குக் கூட்டிவந்தேன். அவருக்குக் கொடுக்கப் பரண்மேல் இருந்த ஒரு புதுத் துண்டை எடுக்க, வழக்கம்போலக் கொக்கியை எடுத்து நீட்டிப் பெட்டியை இழுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியை மேலே காட்டிக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தார்.

"இது நம்ம குழாய்தானே. யார் வளைச்சது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்குக் கொக்கியாக மட்டும்தான் தெரிந்தது. தினமும் அதைத் தொட்டுக்கொண்டு, அதே கையால் தகரக் குடை பற்றவைத்திருக்கிறேன்.

"தோட்டத்து ஆளு ஒருத்தர் சார்" என்றேன். என் மச்சான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பின்னாலேயே, பிறகு ஏன் அவர் நேர்க் குழாயால் அடிக்கிறார் என்று கேட்பாரே.

"இதைத்தானே நீங்க முதல்ல எழுதியிருக்கணும்?" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் காலண்டர்காரனைப் பார்த்தேன்.

இன்ஜினியர் அளவெல்லாம் குறித்துக்கொண்டு குழாயையும் துணியில் சுற்றி எடுத்துப் போனார். ஒரே மாதத்தில் புது மாடல் வந்துவிடும், அதுவரை யாரும் சொந்தமாக எதையும் வளைக்க வேண்டாம், அழுத்தம் தாங்காமல் வெடித்தால் கம்பெனி பொறுப்பேற்காது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். நானும் வளைக்கவில்லை. கடையில் பழைய பித்தளைக் குழாய் நாலைந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மச்சானிடம் கொடுத்து, அந்தத் தென்னைமரத்திலேயே வைத்து வளைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அரை நாள் போதும். ஒரு மாதம்தானே, முறைப்படி வரட்டும் என்று இருந்தேன். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற இந்தப் புத்தியை எனக்குள் யார் ஆணி அடித்து மாட்டினார்களோ தெரியவில்லை.

ஒரு மாதம் ஆறு மாதமானது. அச்சு தயாராகிறது என்று ஒரு கடிதம், சோதனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம். நடுவில் மழைக்காலம் வந்தது, மறுபடியும் சாம்பல் நோய் வந்தது. கார்த்திகை முடிவதற்குள் மச்சானுக்கு வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. மதுரை டாக்டர் இந்தத் தடவை விளக்கைக்கூட ரொம்ப நேரம் அடிக்கவில்லை.

தைக்குப் பிறகு புதுக் குழாய்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. கூடவே புதுக் காலண்டர். அதே ஆள், அதே தொப்பி, அதே சிரிப்பு. இப்போது குழாய் மட்டும் வளைந்திருந்தது. சுற்றி அதே முழங்கால் உயரப் பயிர். பந்தல் பயிர்களுக்கென எங்கள் நிபுணர்கள் ஆராய்ந்து வடிவமைத்தது என்று கீழே அச்சடித்திருந்தார்கள். அதைக் கிழித்துப் போட்டால் முதலாளி வருத்தப்படுவார் என்று சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

முதல் குழாயை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். மச்சான் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண்ணோடு மருந்தடிக்கப் போவதை அக்கா நிறுத்திவிட்டிருந்தாள். பின்னால் நடக்கும்போது இப்போதெல்லாம் தூணில் முட்டிக்கொள்கிறாராம். குழாயை வாங்கி, கண் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விரலால் வளைவைத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"இது இடப்பக்கமா சாஞ்சிருக்கே மாப்ள."

பார்த்தேன். உண்மைதான். வளைவு நேராக மேலே பார்க்காமல் ஒரு விரல் அளவுக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பெட்டியில் இருந்த அத்தனையும் அப்படித்தான் இருந்தன.

"நான் மொதல்ல வளைச்சது இப்பிடித்தேன் சாஞ்சு போச்சு. தென்னமரம் கொஞ்சம் கோணல்ல, அதுல வச்சு அமுக்குனதுல வந்த தப்பு. மணிக்கட்டத் திருகிக்கிட்டே பிடிக்கணும், சாயந்தரம் கை கடுக்கும். அதயுமா அளந்து எழுதிக்கிட்டுப் போனாக?"

அக்கா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"ரெண்டாவது வளைச்சேன் பாரு, அதுதேன் சரியா வந்துச்சு. மொத வளைவுல என்ன கொறைன்னு, நீ வாங்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வருசம் அடிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு வளைச்சது. பந்தல் கல்லுக்கால்ல வச்சு வளைச்சேன். மொகத்துலயும் விழுகாது, கையும் கடுக்காது." அவர் குரலில் கோபமே இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். "அதத்தான் நீ நிமித்திட்ட."

இரண்டு எட்டு தள்ளி, வாசல் மண்ணில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

"எப்படி இருக்கணும் மச்சான்? சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அந்த ஒரு கண்ணால்.

"இப்பக் கேக்குற" என்றார்.